வெள்ளம் வடிந்த பின் ஒழுங்கைக் கிணறுகளை இறைத்துச் சுத்திகரிக்கும் முறை

மட்டக்களப்பில் 2011 தை மாதத்திலும் 2014 மார்கழியிலும் வந்ததைப் போன்ற பெருவெள்ளத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே நீரில் மூழ்கிவிடுகின்றன. நீர் வடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கிணற்றை இறைத்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுவது வழக்கம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் வேலி பார்த்து நிற்பதில்லை. அடுத்த வளவின் குழியிலிருந்து கசிவது நம் கிணற்றுக்கும் வந்து சேரும். ஆகவே இவ்வேலையை வீடு வீடாகச் செய்யாமல் ஒழுங்கை ஒழுங்கையாகவே திட்டமிட வேண்டும்.

முதலில் கிராம அபிவிருத்திச் சங்கமோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகமோ உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் பேசி ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, நோயாளி வரும்வரை காத்திராமல் நோய் வராமல் தடுப்பதற்கென்றே அமைந்தது. குளோரின் தூளையும் அளவு பற்றிய ஆலோசனையையும் அங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது. போகும்போது ஒரு பட்டியலும் கையில் இருக்கட்டும்: கிணற்றின் விட்டம், நீரின் ஆழம், அதற்கும் மிக அருகிலுள்ள மலசலகூடக் குழிக்கும் இடைப்பட்ட தூரம். 50 அடிக்குக் குறைவான தூரமுள்ள கிணறுகளைச் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். எத்தனை முறை குளோரின் இட்டாலும் அவை மீண்டும் மாசுபடக்கூடியவை.

இறைப்பதில்தான் அவசரம் கேடாகிறது. சுற்றியுள்ள நிலம் நீரூறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரே மூச்சில் வற்றவிட்டால், வெளியிலிருந்து அழுத்தும் நீர் கொங்கிறீற்று வளையங்களைப் பெயர்த்துவிடலாம். கடலோர ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதால், அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். நிலத்து நீர்மட்டம் ஓரளவு இறங்கும்வரை பொறுத்திருந்து, நிறுத்தி நிறுத்தி இறைத்து, சேற்றையும் குப்பையையும் அகற்றினால் போதும். எரிபொருளில் இயங்கும் நீர்ப்பம்பியை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றியே ஆளைக் கொன்றுவிடும். பம்பி வெளியே நின்றாலும், உள்ளே இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும்.

சேறு அகன்று நீர் தெளிந்த பின்னரே குளோரின் இட வேண்டும்; கலங்கல் நீரில் இட்ட தூள் பெரும்பாலும் வீணாகும். மீற்றரில் அளந்த விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தாலும் 0.785 ஆலும் பெருக்கினால் கன மீற்றரில் நீரின் அளவு கிடைக்கும். விட்டம் 4 அடி, அதாவது ஏறத்தாழ 1.2 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் என்றால், கிணற்றில் சுமார் 2.26 கன மீற்றர், அதாவது 2,260 லீற்றர் இருக்கும். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரின் சேர வேண்டுமெனக் கொண்டால், 30 சதவீத வலுவுள்ள தூளில் சுமார் 150 கிராம் தேவை. திறந்து வைத்த பழைய தூள் வலு இழந்திருக்கும் என்பதால், பரிசோதகர் வேறு அளவு கூறினால் அதையே பின்பற்றுங்கள்.

தூளை நேரே கிணற்றில் கொட்டலாகாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர்விட்டுக் களியாகக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, கயிற்று வாளியால் பலமுறை அளைந்துவிட வேண்டும். மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று இதைச் செய்வது நல்லது. ஓர் இரவு முழுவதும் அந்த நீரை எவரும் எடுக்காதபடி கிணற்றை மூடிவைத்து, மறுநாள் குளோரின் மணம் தணியும்வரை இறைத்துவிடுங்கள். ஒழுங்கையிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் ஒரே மாலையில் குளோரின் இடுவதாயின், அந்த இரவுக்குத் தேவையான குடிநீரைப் பிரதேச சபையின் தாங்கி வண்டி மூலமாகவோ வேறு வழியாகவோ முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். இதை மறந்த ஊர்களில் பாதி ராத்திரியிலேயே யாராவது மூடியைத் திறந்துவிடுவார்கள்.

நீரைப் பரிசோதித்த முடிவு வரும்வரை, குடிக்கும் நீரையும் குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும் நீரையும் கொதிக்கவைத்தே பயன்படுத்த வேண்டும். ஆனால் குளோரினோ கொதிநீரோ உவரைப் போக்குவதில்லை. உவரேறிய கிணற்றைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிநீருக்கு வேறு வழி பார்ப்பதே புத்தி.

அடுத்த சில வாரங்களுக்கு, வயிற்றோட்டமோ காய்ச்சலோ கண்ட வீடுகளை ஒருவர் குறித்துவரட்டும். வயிற்றுளைச்சல், நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் ஆகியவை அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் என்பதால், வைத்தியர் அவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பார். பின்னர் பரிசோதகர் வீடு தேடி வருவார். அவ்வருகையை வழக்குப் போடும் முயற்சியாக எண்ணிச் சிலர் நோயை மறைக்கிறார்கள். அவர் தேடுவது நோய் எங்கிருந்து பரவுகிறது என்பதையே. நீங்கள் எழுதிவைத்த கிணற்றுப் பட்டியலை அவர் கையில் கொடுத்தால், எந்தக் கிணற்றுக்கு மறுபடியும் குளோரின் இட வேண்டும், எந்தக் குழியை இடம் மாற்ற வேண்டும் என்பதை அவர் அங்கேயே சொல்ல முடியும்.