டீசல் என்ஜின் ஏற்றும் வேனில் கியர் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோக்ஸ்வாகனின் டி3 வேன் 1979-இல் வந்தது. பிரிட்டனில் டி25, அமெரிக்காவில் வனகன் என்பார்கள். என்ஜின் பின்பக்கம். அதன் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு 1.9 லிட்டர் டிடிஐ (டர்போ பொருத்திய) டீசல் ஏற்றுபவர்கள் மவுண்ட், ஆயில் சம்ப், என்ஜினை 50 டிகிரி சாய்க்கத் தேவையான பிராக்கெட் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். கியர்பாக்ஸ் மட்டும் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். முதல் தவறு அதுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கிரவுன் பினியன் (கியர்பாக்ஸின் கடைசிப் பல்சக்கர ஜோடி) 4.86, நான்காம் கியர் 0.85 (இரண்டையும் பெருக்கினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது வரும்), டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் உருளும் என்று கொள்வோம். 110 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் ஏறக்குறைய 3,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடும். 90 குதிரைத்திறன் டிடிஐ தன் முழுத் திறனைத் தருவதே 4,000-இல்தான். இழுவை (டார்க்) உச்சமோ 1,900-இல். அதாவது பயணம் முழுக்க என்ஜின் கத்தும், மிச்சமாகும் என்று நினைத்த டீசலும் கரையும். நான்காம் கியரை 0.70 ஆக்கினால் அதே வேகத்துக்குச் சுமார் 3,100 போதும்.

இதைக் கேட்டு 50 குதிரைத்திறன் கொண்ட பழைய 1.6 டீசல்காரரும் உயரக் கியர் (எண் சிறிதான கியர்) போட்டால் வண்டி நகராது. முகப்பு சுவர் மாதிரி தட்டையான வேன் இது. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். என் கணக்கில் சமதரையில் 110-ஐப் பிடிக்கவே 40 குதிரைத்திறன் வரை போய்விடும். எதிர்க்காற்றுக்கும் மேட்டுக்கும் மிச்சம் எதுவும் இராது. இருக்கும் கொஞ்சத் திறனையும் உயர் ஆர்பிஎம்மில்தான் எடுக்க முடியும் என்பதால்தான் அந்த என்ஜினுக்குக் கம்பெனியே தாழ்ந்த கியர் கொடுத்தது. டர்போ இல்லாத சின்ன டீசலில் கியரைத் தொடாமல் விடுவதே மேல்.

டிடிஐ-யிலும் நான்காம் கியரை மட்டும் மாற்றினால் இன்னொரு சிக்கல் முளைக்கும். மூன்றாவது 1.26, நான்காவது 0.70 என்றால் இடையில் பெரிய பள்ளம். மூன்றில் 3,500 வரை இழுத்துவிட்டு மாற்றினாலும் ஆர்பிஎம் 1,950-க்கு விழும். நிதானமாக 2,500-இல் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு 1,400-தான் கிடைக்கும். டர்போ இன்னும் விழிக்காத இடம் அது. மேட்டில் வண்டி முனகும், திரும்ப மூன்றுக்குத் தட்ட வேண்டும். இதற்கு வழி இரண்டு: மூன்றாம் கியரையும் கொஞ்சம் உயர்த்துவது, அல்லது 0.77 போல நடுவாந்தரமான நான்காவது. மலைப்பாதையில் அதிகம் போகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஐந்து கியர் பெட்டி கிடைத்தால் இந்தத் தலைவலியே பெரும்பாலும் இல்லை. விலைதான் கடிக்கும்.

கிரவுன் பினியனையே மாற்றலாமே என்பார்கள். அது முதல் கியரையும் ரிவர்ஸையும் சேர்த்து உயர்த்திவிடும். கட்டில், அடுப்பு, தண்ணீர் டாங்க் ஏற்றிய கேம்பர் ஏற்றத்தில் புறப்படும்போது கிளட்ச் தீயும்.

பெரிய டயர் போட்டு வேலையை முடிக்கப் பார்ப்பதும் அதே கதைதான், கூடவே பிரேக்கும் மந்தமாகும். இந்த வேனில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன்சக்கரத்திலிருந்து வருகிறது. ஆகவே கியரை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் பிசகாது, டயரை மாற்றினால் குறைத்துக் காட்டும்.

கடைசியாக, உயரக் கியர் கிடைத்த தைரியத்தில் டாப் கியரிலேயே 1,300-இல் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். அந்தக் கியர்பாக்ஸ் டர்போ டீசலின் இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல. மூன்று–நான்கு கியரின் ஹப்தான் (அந்த இரண்டு கியரையும் மாறி மாறிப் பூட்டும் பாகம்) முதலில் அடிவாங்கும். என்ஜின் கம்ப்யூட்டரின் சிப் மாற்றி டார்க்கை ஏற்றும் எண்ணம் இருந்தால், பெட்டியைப் பிரித்துக் கியர் மாற்றும்போதே அந்த ஹப்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி ஒரு தடவையோடு போகும்.