வயிறு சுருங்கினால் மட்டும் போதுமா? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் திருவனந்தபுரம் கைக்கெட்டும் தூரம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வயித்தைச் சின்னதாக்கியாச்சு, இனி தானா மெலிஞ்சிரும்." பின்னால் வரும் தவறுகளில் பலவற்றுக்கும் இந்த நினைப்புதான் வேர். கத்தி படுவது வயிற்றில். ஆனால் எடை குறைவதில் பெரும்பங்கு மூளைக்கு.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கும் மேற்பகுதியில்தான் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த இந்த கிரெலின்தான் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் பசியைத் தெரிவிக்கிறது. இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைப்பது பைபாஸ் முறை. இதில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்விடும். அதனால் சாப்பிட்டதும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் வெகுவாகக் கூடி, மூளைக்குப் 'போதும்' என்று சொல்கின்றன. முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரியாமல் இருப்பது இதனால்தான்.

இந்த அமைதி என்றைக்கும் இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. நாள் போகப்போகப் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கொழுப்பு கரையும்போது, அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். லெப்டின் குறைந்தால் மூளை பஞ்சம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறது; பசியைக் கூட்டி, உடல் செலவிடும் சக்தியைக் குறைக்கிறது. பெரும்பாலோருக்கு எடை ஒன்றிரண்டு வருடங்களில் தன் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு சில கிலோ ஏறுவது சகஜம். ஆகவே பசி அடங்கியிருக்கும் முதல் வருடத்திலேயே நேரத்துக்குச் சாப்பிடுவதையும் நடப்பதையும் பழக்கமாக்கிவிட வேண்டும். பசி திரும்பியபின் பழகுவது மிகவும் கஷ்டம்.

அடுத்தது, ஆசையைப் பசி என்று நினைப்பது. களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி வாசனை வந்ததும் கால் நிற்கிறதே, அது வயிற்றின் வேலை இல்லை. மூளையில் இன்பத்தைத் தேடும் பாதை ஒன்று உண்டு, டோபமைன் என்ற ரசாயனம் அதில் ஓடுகிறது. அந்தப் பாதையை யாரும் வெட்டவில்லை. உடம்பின் பசி மெல்ல மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் அடங்கும். ஆசை சட்டென்று வரும், ஏத்தங்காய் சிப்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். சிப்ஸும் ஐஸ்கிரீமும் சின்ன வயிற்றிலும் எளிதாக இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொறித்தால் எந்த அறுவை சிகிச்சையும் தோற்கும். மன உறுதியை நம்பிப் பாக்கெட்டை வீட்டில் வைப்பதைவிட வாங்காமல் இருப்பது எளிது. மனக்கஷ்டம் வந்தால் சாப்பாட்டைத் தேடும் பழக்கம் முன்பே இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மனநல ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.

வேகமாகச் சாப்பிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வயிறு நிறைந்த செய்தி மூளையில் பதிய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும், அதற்குள் சின்ன வயிறு தாங்காத அளவு உள்ளே போய்விடும். விக்கல், மூக்கில் நீர், நெஞ்சில் அழுத்தம் வந்தால் அடுத்த வாய் வேண்டாம். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் இருந்தால் மீனை முதலில் தின்னுங்கள், மரச்சீனியை இடம் இருந்தால் பார்க்கலாம். நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கல்யாண வீட்டுப் பிரதமன் மெல்லவே வேண்டாத இனிப்பு. பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு இனிப்பு உண்டதும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். அதற்குப் பயந்து இனிப்பை விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அது வராது, அதை நம்பி இருக்காதீர்கள்.

மதுவைப் பற்றி ஆஸ்பத்திரியில் வாய்விட்டுக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கேரள எல்லை தாண்டினால் கள்ளுக்கடை இருக்கும் ஊர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, மது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. பழைய அளவே இப்போது தலைக்கேறும். முன்பு குடிப்பழக்கம் இல்லாத சிலரும் இரண்டாம் வருடத்துக்கு மேல் அதில் சிக்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, தொடர்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே "சரியாயிடும்" என்று வீட்டில் இருப்பது. உடம்பில் வைட்டமின் பி1 கையிருப்பு சில வாரங்களுக்குத்தான். அது தீர்ந்தால் மூளையே பாதிக்கப்படும்: பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்ற வந்தால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதைச் சொல்லி, அதற்கு முன் பி1 ஊசி போடச் சொல்லுங்கள். இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகலாம். எடை குறைந்துவிட்டது என்று பி12, இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்துவதும் இதே வகைத் தவறு.

கடைசியாக வீட்டாருக்கு ஒன்று. "மக்களே, இன்னும் ஒரு வாய் சாப்பிடு" என்பது அன்புதான். ஆனால் மூன்றாம் வருடம் எடை ஏறும்போது "இவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா" என்று அதே வாய்தான் கேட்கிறது. அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் ரிவ்யூக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். எடை ஏறுவது மூளை தன் பழைய எடையைக் காப்பாற்றப் பார்ப்பதால்கூட இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. ஜிஎல்பி-1 வழியில் வேலை செய்யும் மருந்துகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன, மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். ஐந்து கிலோ ஏறியதுமே ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி எடுத்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டோடு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போங்கள்.