கவிதை படித்து நம் எண்ணத்தை எழுதுவது எப்படி?

ஒரு கவிதையைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் ‘நெஞ்சை உருக்கியது’, ‘கண்கள் பனித்தன’ என்பவையே முதலில் கைக்கு வரும். அவற்றை எழுதுவதில் தவறில்லை. ஆனால் எந்த அடியில் நெஞ்சு உருகியது என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறிப்பை எந்தக் கவிதைக்கு அடியிலும் ஒட்டிவிடலாம்.

புறநானூற்றின் 164ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலிருந்த குமணனை நோக்கிப் பெருந்தலைச் சாத்தனார் பாடியது அது. முதலில் உரையைப் பாராமல் இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு உரையோடு படியுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் உரைநூலைத் தேடலாம். அடுத்து, பாடலில் யார் யாரைப் பார்க்கிறார் என்று தாளில் குறியுங்கள். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைக்கும்தோறும் பிள்ளை அழுகிறது. தாய் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள். நீர் நிறைந்த கண்களோடு அவள் படும் துயரைக் கணவன், அதாவது பாடும் புலவன், பார்க்கிறான். பார்த்து, நினைத்து, குமணனைத் தேடி வருகிறான். மனைவிமீது அவனுக்குள்ள அன்பு அந்தப் பார்வையிலேயே இருக்கிறது, தனியாக அறிவிக்கப்படவில்லை. உங்கள் குறிப்பும் அப்படி இருப்பது நல்லது.

பாடல் அங்கே நின்றுவிடுவதில்லை. உன்னை வளைத்தாவது பரிசில் பெறாமல் விடமாட்டேன் என்று, நாடிழந்த ஒருவனிடமே புலவர் சொல்கிறார். இதை விடாமுயற்சி என்று பாராட்டுவோர் உண்டு. எனக்கோ, போவதற்கு வேறு வாசல் இல்லாதவனின் பிடிவாதமாகவே படுகிறது. நீங்கள் மறுக்கலாம், மறுப்பதற்கு ஓர் அடியைக் காட்டினால் போதும்.

சொந்த அனுபவத்தை இதற்குப் பிறகே கொண்டுவாருங்கள். 2022இல் கொழும்பில் சமையல் எரிவாயுவுக்காக வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களுக்கும், தொடர்மாடி வீட்டில் விறகுக்கு இடம் தேடியவர்களுக்கும், மூட்டப்படாத அடுப்பு உடனே நினைவுக்கு வரும். அதைத் தாராளமாக எழுதலாம். ஆயினும் அரிசி இருந்தும் எரிபொருள் இல்லாத வீடும், காளான் பூக்கும்வரை அரிசியே காணாத வீடும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வேறுபாட்டைச் சொல்லும் இடத்தில்தான் குறிப்பு நேர்மையாகிறது.

காதல் பாடல்களில் பேசுபவரைப் புலவராக எண்ணிவிடுவது வழக்கமான பிழை. குறுந்தொகை 40இல் செம்மண்ணில் பெய்த மழையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவிக்குத் தலைவன் கூறியதாகவே மரபு அதைக் கொள்கிறது. உன் தாயும் என் தாயும் யார் என்று தொடங்கும் கேள்விகளை அந்த அச்சத்துக்குரிய விடையாகப் படித்துப் பாருங்கள், எழுதுவதற்குப் புதிதாக ஏதேனும் கிடைக்கும்.

ஒருநாள் கழித்துத் திரும்பப் படித்து, புலவரைப் புகழும் வாக்கியங்களை நீக்குங்கள். மேற்கோள் இரண்டு அடிகளுக்கு மேல் வேண்டாம். பாடல் எண்ணைக் கொடுத்துவிட்டால் மீதியை வாசிப்பவர் தாமே தேடிக்கொள்வார்.