‘இந்துன்னா யாரு?’ன்னு கேட்டா எப்படி பதில் சொல்றது

கூட வேலை பாக்குறவங்க கேப்பாங்க, ஹாஸ்டல் ரூம்மேட் கேப்பான், வெளிநாட்டுல வளர்ற நம்ம வீட்டுப் பிள்ளைங்களே ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து கேக்கும், நம்ம மதத்துக்கு புனித நூல் எது, ஆரம்பிச்சவர் யாரு, கடவுள் யாருன்னு. கேள்வி பாக்க சாதாரணமா இருக்கும், பதில் சொல்ல வாயத் திறந்ததும் முழி பிதுங்கும். கீதைன்னு ஒன்ன சொல்லி, ஆரம்பிச்சவர்னு யாரும் இல்லையேன்னு இழுத்து, கடவுள்னு வரும்போது முப்பத்து முக்கோடின்னு சொல்லிட்டு நாமளே சிரிச்சிடுவோம்.

அந்த மூணு கட்டத்தையும் நிரப்ப முயற்சி பண்ணாதீங்க, முதல் வேலை அதான். ஒரு ஸ்தாபகர், ஒரு நூல், ஒரு விசுவாச அறிக்கைன்னு இருக்கிற மதங்களுக்கு அடிச்ச ஃபார்ம் அது. நம்ம பக்கம் இதை நம்பினாத்தான் இந்துன்னு ஒரு வரி எங்கேயும் கிடையாது, நீ இந்து இல்ல போன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்ற அதிகாரம் உள்ள ஆளும் கிடையாது. சிருங்கேரி மடம் இருக்கு, தருமபுரம் ஆதீனம் இருக்கு, அஹோபில மடம் இருக்கு, ஆனா ஒவ்வொருத்தரும் அவங்க அவங்க சிஷ்யர்களுக்குத்தான் குரு. இதை ஒரு குறை மாதிரி மன்னிப்பு கேக்குற குரல்ல சொல்ல வேண்டாம், பெருமையா மார் தட்டவும் வேண்டாம், இருக்கிறது இப்படித்தான்னு சொல்லுங்க.

அடுத்து, நம்பிக்கையில இருந்து ஆரம்பிக்காம உங்க வீட்ல என்ன நடக்குதோ அதுல இருந்து ஆரம்பிங்க. முதல் மொட்டை எந்தக் கோயில்ல, காது குத்துனப்போ யார் மடியில உக்கார வச்சாங்க, அமாவாசை அன்னைக்கு வீட்ல என்ன செய்வாங்க, வீட்ல ஒருத்தர் செத்தா எத்தனை நாள் தீட்டு, பதினாறாம் நாள் என்ன பண்ணுவாங்க. இதுக்கு எல்லாருக்கும் பதில் தெரியும். மோட்சம்னா என்னன்னு கேட்டா தலையச் சொறியிறவங்க கூட தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும்னு அடிச்சு சொல்லுவாங்க. காக்காய்க்கு சோறு வச்சுட்டு அது வந்து கொத்துற வரைக்கும் வீட்ல யாரும் சாப்பிடாம நிக்கிற குடும்பத்துக்கு முன்னோர் வழிபாடு பத்தி பாடம் எடுக்கத் தேவையே இல்ல.

குலதெய்வத்தக் கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா இதுல தான் நிறைய விளங்கும். மாசி சிவராத்திரிக்கு ஊருக்குப் போயி கருப்பசாமிக்கு கிடா வெட்டி, சுருட்டும் சாராயமும் படையல் போட்டுட்டு வர்ற அதே குடும்பம் புரட்டாசி மாசம் பூரா பெருமாளுக்காக கறி மீன் தொடாது, ஐப்பசியில சஷ்டி விரதம் இருக்கும், பூஜை ரூம்ல ஷீரடி சாய்பாபா படமும் மாட்டியிருக்கும். இதுல முரண்பாடு இருக்குன்னு வெளில இருந்து பாக்குறவங்களுக்குத்தான் தோணும், அந்த வீட்டு அம்மாவக் கேட்டா "அது அது அந்தந்த சாமிக்கு"ன்னு முடிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா இந்து அடையாளம் பத்தி இதவிட நல்ல விளக்கம் எந்த ப்ரொஃபசரும் தர மாட்டாங்க.

சரி, அப்போ நம்பிக்கைன்னு எதுவுமே இல்லையான்னு கேப்பாங்க. இருக்கு. செஞ்ச வினை சும்மா போகாது, செத்ததோட கதை முடியல மறுபிறப்பு உண்டு, ஒவ்வொருத்தருக்கும் அவங்க இருக்கிற இடத்துக்கு ஏத்த தர்மம் உண்டு, இந்தச் சுத்துல இருந்து ஒரு நாள் விடுபடலாம், இந்த நாலும் பெரும்பாலான வழிகள்ல பொதுவா வரும். அதுக்கு மேல போனா ஆளுக்கு ஒரு பக்கம். ஆதிசங்கரர் வழியில ஜீவனும் பிரம்மமும் ரெண்டில்ல, ராமானுஜர் கிட்ட போனா உயிர் இறைவனோட உடம்பு மாதிரி அவனச் சார்ந்து இருக்கு ஆனா அவனே இல்ல, மத்வர் ரெண்டும் வேற வேறதான்னு உறுதியா நிப்பாரு, சைவ சித்தாந்தம் பதி பசு பாசம்னு, அதாவது இறைவன், உயிர், உயிரக் கட்டி வச்சிருக்கிற தளைன்னு, மூணா பிரிச்சு பேசும். இவங்க ஒருத்தர ஒருத்தர் எழுத்துல கிழிச்சு தொங்க விட்டிருக்காங்க, எல்லா மதமும் ஒண்ணுதான்னு கை குலுக்கிட்டு போகல, அதையும் மறைக்காம சொல்லுங்க.

சாமி கும்பிடாதவன் இந்துவாங்கிறது அடுத்து வரும். பழைய சாஸ்திரக் கணக்குல நாஸ்திகன்னா வேதத்த ஏத்துக்காதவன், கடவுள் இல்லைன்னு சொல்றவன்னு அர்த்தம் இல்ல. சாங்கியமும் மீமாம்சையும் உலகத்தப் படைச்ச ஈஸ்வரன்னு ஒருத்தர் இல்லாமலே தத்துவத்தக் கட்டினதுங்க, ஆனா வேதத்த ஒத்துக்கிட்டதால ஆஸ்திக லிஸ்ட்ல இருக்கு. நம்ம ஊர் சிவவாக்கியர் கல்லு சாமி, கோயில், குளம் எல்லாத்தையும் போட்டுத் திட்டியிருக்காரு, அவரையும் சித்தர்னு கையெடுத்து கும்பிடுறோம். அதனால இந்தக் கேள்விக்கு ஆமாம் இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் வேணாம்.

எத்தனை கடவுள்ங்கிற கேள்விக்கு ஒரு நல்ல பதில் பிருகதாரண்யக உபநிஷத்துல ரெடியா இருக்கு. சாகல்யர்னு ஒருத்தர் யாக்ஞவல்கிய முனிவர்கிட்ட தேவர்கள் எத்தனை பேருன்னு கேக்குறாரு. 3306னு சொல்றாரு. சரி, உண்மையில எத்தனைன்னு திரும்பக் கேக்க 33ங்கிறாரு. சரி, உண்மையில? 6. மறுபடியும்? 3. அப்புறம் 2. அப்புறம் ஒன்றரை! கடைசியா ஒண்ணு. அந்த ஒன்றரைங்கிற இடத்துல கேக்குற ஆளு எப்படியும் சிரிச்சிடும், அதுக்கப்புறம் பேச்சு இலகுவா போகும். பலவும் ஒண்ணும் ஒரே நேரத்துல சரியா இருக்க முடியும்னு அவ்ளோ காலத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லி நிறுத்துங்க.

"கல்லையா கும்பிடுறீங்க?" இதுக்கு கோவப்படாதீங்க. மஞ்சப் பிள்ளையார விவரிச்சு சொல்லுங்க. கல்யாணமோ கிரகப்பிரவேசமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மஞ்சத்தூள்ல கொஞ்சம் தண்ணி விட்டுப் பிசைஞ்சு கூம்பா பிடிச்சு வெத்தலை மேல வைப்பாங்க, உச்சியில அருகம்புல், ஒரு குங்குமப் பொட்டு. ஆவாஹனம்னு சொல்லி கூப்பிட்டதும் அது பிள்ளையார், தூபம் தீபம் வெல்லம் எல்லாம் உண்டு. பூஜை முடிஞ்சதும் யதாஸ்தானம்னு சொல்லி வடக்கால லேசா நகத்தி வைப்பாங்க, பிறகு அது வெறும் மஞ்சள், தண்ணியில கரைச்சிடலாம். பெரிய கோயில்லயும் இதே கதைதான். கும்பாபிஷேகத்துக்கு திருப்பணி ஆரம்பிக்கும்போது பாலாலயம் பண்ணி மூலவரோட சக்திய கும்பத்துலயோ அத்திப் பலகையில வரைஞ்ச உருவத்துலயோ மாத்தி வச்சு அதுக்குத்தான் பூஜை நடக்கும், கருவறையில கல்லு அதே இடத்துல அப்படியே நின்னாலும் அதுக்கு பூஜை கிடையாது. கல்லுதான் சாமின்னா அந்த மாசங்கள்ல கல்லுக்கே தீபாராதனை காட்டிட்டுப் போயிருக்கலாமே.

சாப்பாட்டு விஷயத்துல நிறைய பேர் தப்பா சொல்லித் தர்றாங்க, இந்துன்னா வெஜிடேரியன்னு. நவராத்திரி ஒம்பது நாள எடுத்துக்கங்க. குஜராத்ல பாதிப் பேர் விரதம் இருந்து ராத்திரி கர்பா ஆடுவாங்க, நம்ம ஊர்ல கொலு வச்சு சுண்டல் கொடுப்போம், அதே நாட்கள்ல கொல்கத்தாவுல துர்கா பூஜை, பந்தலுக்கு வெளியவே மட்டன் ரோலும் மீனும் அமோகமா ஓடும். அம்மன் ஒண்ணு, இலை மூணு. பாலியில இருக்கிற இந்துக்கள் பண்டிகைக்கு பன்றிக்கறி சமைப்பாங்க, சாங் ஹ்யாங் விதின்னு ஒரே பரம்பொருளச் சொல்லி கும்பிடுவாங்க, சிவன் விஷ்ணு எல்லாரும் அவங்ககிட்டயும் உண்டு. இவங்கள்ல யாரையாவது பாத்து நீ அரை இந்துன்னு சொல்ற வேலைய மட்டும் செய்யாதீங்க.

சாதி பத்திக் கேட்டா நழுவாதீங்க, இதுல மழுப்புனா நீங்க சொன்ன மத்த எல்லாமே வீணாப் போயிடும். சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துதே, அத அனுப்பாதீங்க. கோயிலுக்குள்ள விடாம தடுத்தது நடந்தது, அதுக்கு சாஸ்திரத்தையே ஆதாரமா காட்டுனதும் நடந்தது. திருவிதாங்கூர்ல கோயில் நுழைவு பிரகடனம் வந்தது 1936ல தான், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள வைத்தியநாத அய்யர் தலித், நாடார் தோழர்கள அழைச்சிட்டுப் போனது 1939 ஜூலை 8. அம்பேத்கர் இந்துவா பொறந்தேன், இந்துவா சாக மாட்டேன்னு 1935ல இயோலாவுல அறிவிச்சு 1956ல நாக்பூர்ல பௌத்தம் ஏத்துக்கிட்டாரு. இன்னொரு பக்கம் தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வச்ச சாதியச் சேர்ந்த திருப்பாணாழ்வாரும் நந்தனாரும் நாம கும்பிடுற வரிசையிலயே இருக்காங்க, ஆனா நந்தனார் நெருப்புல இறங்கி வந்த பிறகு தான் உள்ள போனாருன்னு பெரியபுராணம் சொல்றதையும் சேர்த்தே சொல்லணும். ரெண்டு பக்கமும் இதே வீட்ல தான் நடந்துச்சு.

சட்டத்த ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். 1955 இந்து திருமணச் சட்டம் வீரசைவர், லிங்காயத்து, பிரம்ம சமாஜம், ஆரிய சமாஜம் எல்லாரையும் இந்துங்குது, பௌத்தர் சமணர் சீக்கியருக்கும் அதே சட்டம் பொருந்தும், அப்புறம் முஸ்லிம் கிறிஸ்தவர் பார்சி யூதர் இல்லாத மத்தவங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்னு போகுது. அதாவது யார் இல்லைங்கிறத வச்சே யாருன்னு சொல்லிட்டாங்க. சீக்கியர்கிட்டயும் சமணர்கிட்டயும் போயி நீங்களும் இந்து தானேன்னு இதக் காட்டிப் பேசாதீங்க, சொத்து கல்யாணத்துக்கான சட்டம் அது, சமணர்கள மத்திய அரசே 2014ல தனி சிறுபான்மைன்னு அறிவிச்சிருக்கு. 1966ல சுவாமிநாராயண் பிரிவினர் வழக்குல சுப்ரீம் கோர்ட் திலகர் சொன்ன மூணு விஷயத்த எடுத்துக்கிச்சு. வேதத்து மேல மரியாதை, முக்திக்கு வழி பல, கும்பிட வேண்டிய தெய்வம் இன்னதுதான்னு கட்டாயம் இல்ல. கருப்பசாமிக்கு முன்னாடி வேதம் எங்க வருதுன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி, அதனாலதான் வீட்ல இருந்து ஆரம்பிங்கன்னு சொன்னேன்.

இந்துங்கிறதே வெள்ளைக்காரன் வச்ச பேருன்னு ஒருத்தர் எப்படியும் குறுக்க வருவாரு. விஜயநகர ராஜாக்கள் 14ஆம் நூற்றாண்டுலயே கல்வெட்டுல இந்துராய சுரத்ராணன்னு, அதாவது இந்து ராஜாக்கள்ல சுல்தான்னு, பட்டம் போட்டுக்கிட்டாங்க, அது போதும், அங்கயே நிக்காதீங்க.

பிள்ளைங்க கேட்டா இவ்ளோ பேச்சு வேணாம். விளக்கு ஏன் ஏத்துறோம்னு கேட்டா பாக்டீரியா சாகும், ஆக்சிஜன் வரும்னு அளந்து விடாதீங்க, எட்டாங்கிளாஸ்ல அது சயின்ஸ் படிச்சதும் உங்க மேல இருக்கிற நம்பிக்கையும் சேர்ந்தே போயிடும். "பாட்டி ஏத்துவாங்க, நானும் ஏத்துறேன், சாமிக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறதுக்கு நல்லா இருக்கு"ன்னு உண்மையச் சொல்லி தீப்பெட்டிய அது கையில குடுங்க. கோலம் போட விடுங்க, திருநீறோ நாமமோ நீங்க வைக்கிறப்ப அதுக்கும் வச்சு விடுங்க, வேணாம்னா விட்டுடுங்க. ஃப்ரெண்டு வீட்டோட வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போச்சுன்னா பதறாதீங்க, நாகூர் தர்காவுல இருக்கிற பெரிய மனாராவ, அதான் அந்த உயரமான கோபுரத்த, கட்டிக் குடுத்ததே தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங் தான்.

கடைசியா, நானும் இந்து ஆகலாமான்னு கேக்குறவங்க உண்டு. ஆகலாம். ஆரிய சமாஜத்துல சடங்கு செஞ்சு சர்டிபிகேட்டும் தருவாங்க. ஆனா 1970ல வந்த ஒரு வழக்குல, சுத்திகரிப்பு மாதிரி சடங்கு எதுவும் கட்டாயம் இல்ல, மனசார ஏத்துக்கிட்டு அது மாதிரி நடந்துக்கிட்டாலே போதும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இவ்ளோ தூரம் கேட்ட ஆளு உங்க கூட கோயிலுக்கு வர்றேன்னு சொன்னா மட்டும் முன்கூட்டி விசாரிச்சுக்கங்க. பூரி ஜகன்னாதர் கோயில்லயும் குருவாயூர்லயும் இந்து அல்லாதவங்கள உள்ள விட மாட்டாங்க, திருப்பதியில சாமி மேல நம்பிக்கை இருக்குன்னு டிக்ளரேஷன் எழுதிக் குடுக்கணும், பழனியில கொடிமரம் தாண்டக் கூடாதுன்னு போர்டு வைக்கவும் நம்பிக்கையோட வர்றவங்க உறுதிமொழி குடுத்துட்டு போகலாம்னும் 2024 ஜனவரியில மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டிருக்கு. வாசல்ல நிறுத்தி வச்சு விளக்கம் சொல்ற நிலைமை வந்தா நண்பருக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம், ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு கூட்டிட்டுப் போனா இந்தப் பிரச்சனை அவ்வளவா வராது, கூழும் கிடைக்கும்.