கடைசி ரீலை நம்பாதீர்கள்: பழைய கொலைப் படங்களைப் பார்க்கையில் நாம் செய்யும் தவறுகள்

"கொன்றவன் கடைசியில் மாட்டிக்கொண்டான், படம் சொல்ல வந்தது அவ்வளவுதான்." பழைய குற்றப் படங்களைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி காதில் விழும். ஹாலிவுட்டின் பொற்காலப் படங்களைப் பொறுத்தவரை இதைப்போல ஏமாற்றும் வாசிப்பு வேறில்லை. (முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படங்களைப் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

அந்த முடிவுகளில் பல, கதை தானாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் அல்ல. 1930-ல் அமெரிக்கப் பட நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டன. 1934 முதல் ஜோசப் பிரீன் தலைமையில் இயங்கிய அலுவலகம் அதைக் கறாராக அமல்படுத்தியது. 1968 வரை அந்த விதிகள் பெயரளவிலாவது இருந்தன. சட்டத்துக்கு எதிராகக் குற்றத்தின் பக்கம் அனுதாபம் சாயக் கூடாது, இக்காலக் கதைகளில் பழிவாங்கலை நியாயப்படுத்தக் கூடாது, கொலையின் நுட்பம் பார்ப்பவரைச் செய்துபார்க்கத் தூண்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

'ரெபெக்கா' நாவலில் கணவன் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான், தண்டனையும் பெறாமல் தப்பிவிடுகிறான். ஹிட்ச்காக்கின் 1940 படத்தில் அவள் தடுக்கி விழுந்து இறக்கிறாள். கொன்றவன் என்று தெரிந்தபின்னும் ஒருவனை நேசிக்கலாமா என்பதுதான் நாவலின் முள். அதைப் பிடுங்கிவிட்டார்கள். 'தி பேட் சீட்' இன்னும் வேடிக்கை. மேடை நாடகத்தில் கொலைகாரச் சிறுமி பிழைத்துக்கொள்வாள், தாய் இறந்துபோவாள். 1956 படத்தில் தாய் பிழைக்கிறாள், சிறுமியை மின்னல் தாக்குகிறது. தணிக்கை அதிகாரி வானத்திலிருந்தே இறங்கி வந்ததுபோல!

ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அதுவரை யார் பக்கம் உட்காரவைக்கப்பட்டோம் என்று பார்ப்பது நல்லது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' (1945) படத்தில் கொன்றவன் சட்டத்திடம் சிக்குவதே இல்லை. மரண தண்டனை இன்னொருவனுக்குப் போகிறது. கொன்றவனைச் செத்தவர்களின் குரல்கள் துரத்திக்கொண்டே இருக்கின்றன. அந்த மனவேதனையே தண்டனைதான் என்று கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஆனால் தண்டிக்கப்பட்டவன் அந்தக் கொலையைச் செய்யாதவன், அதேசமயம் பெண்ணை அடித்துப் பிழைப்பு நடத்தும் அயோக்கியன். அவன் சாவு நமக்கு அவ்வளவாக உறுத்துவதில்லை. படம் நமக்கு வைக்கும் கண்ணி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வில்லன் கவர்ச்சியாக இருந்தால் படமும் அவனோடு உடன்படுகிறது என்று நினைப்பது இன்னொரு தவறு. 'தி தேர்ட் மேன்' (1949) படத்தில் வில்லனாக வரும் ஆர்சன் வெல்ஸ் வியன்னாவின் ராட்டினத்தின் உச்சியிலிருந்து கீழே நடமாடும் மனிதர்களைப் புள்ளிகள் என்கிறார். ஒரு புள்ளி நின்றுபோனால் உனக்கு உண்மையில் வருத்தமா, ஒவ்வொன்றுக்கும் பணம் தந்தால் வேண்டாமென்பாயா என்று நண்பனைக் கேட்கிறார். எல்லாரும் அந்தப் பேச்சைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் விற்ற கலப்பட பென்சிலினால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் கிடக்கும் மருத்துவமனைக் காட்சியை மறந்துவிடுகிறார்கள். அங்கே கேமரா ஒரு குழந்தையின் முகத்தைக்கூடக் காட்டாது, குழந்தைகளைப் பார்க்க வந்தவர்களின் முகத்தைத்தான் காட்டும்.

'12 ஆங்ரி மென்' (1957) பற்றி மெத்தப் படித்தவர்களும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பன்னிரண்டு ஜூரர்கள் (சாதாரணக் குடிமக்கள்) நிரபராதியான பையனைக் காப்பாற்றும் கதை என்பார்கள். பையன் நிரபராதி என்று படம் எங்கே சொன்னது? தகப்பனை அவனே குத்தியிருக்கலாம். ஹென்றி ஃபோண்டாவின் பாத்திரமும் தனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பானால் மரண தண்டனை கட்டாயம் என்று நீதிபதி முதலிலேயே சொல்லிவிடுகிறார். கேள்வி அப்போதே மாறிவிடுகிறது: இவ்வளவு சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒருவனைச் சாகடிக்க கை தூக்கலாமா? பையனை நிரபராதியாக்கிவிட்டால் நமக்கு நிம்மதி, படத்துக்கு நஷ்டம். (கடையில் அதேபோன்ற கத்தியை வாங்கி வந்து மேசையில் குத்தும் புகழ்பெற்ற காட்சி, ஜூரர் தானே துப்பறிவது என்ற வகையில் நிஜ நீதிமன்றத்தில் விதிமீறல்.)

பாட்டே இல்லாமல் 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தையும் யார் சுட்டது என்ற புதிராக மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம். செத்தவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று தெரிந்ததும் அவன் சாவு நமக்குள் எப்படி எடை குறைகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

லாங்கின் 'எம்' (1931) படத்துக்கு வருவோம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பிடித்து பாதாள உலகத்தார் தாங்களே விசாரிக்கிறார்கள். தன்னால் தன்னை அடக்க முடியவில்லை என்று பீட்டர் லோரி கதறுவதைக் கேட்டு, படம் கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறது என்பவர்கள் உண்டு. கொல்லுங்கள் என்று கத்தும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்பவர்களும் உண்டு. நாற்காலியில் அமர்ந்து சாவு கோரும் தலைவனே மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுபவன் என்பது இரு தரப்புக்கும் மறந்துவிடுகிறது. பிறகு போலீஸ் வருகிறது, முறையான நீதிமன்றம் கூடுகிறது. தீர்ப்பு நம் காதில் விழுவதற்குள் லாங் காட்சியை வெட்டிவிடுகிறார். கறுப்பு உடையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அமர்ந்திருக்கிறார்கள். இதனால் நம் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்கிறாள் ஒருத்தி.