மலையேற்றப் பையின் பிய்ந்த பட்டையைக் கையாலேயே தைப்பது எப்படி?

பெரிய ட்ரெக்கிங் பைகளில் சீக்கிரம் போவது ஒன்று ஜிப், இல்லையென்றால் தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் மேல் தையல். ஜிப் கதையை இன்னொரு நாள் பார்க்கலாம். பட்டை பிய்ந்துவிட்டது என்பதற்காகப் பையைத் தூக்கிப் போட வேண்டாம், தையல் மெஷினும் வேண்டாம். வீட்டு மெஷினில் இதை முயலாமல் இருப்பதே நல்லது: பட்டை, ஸ்பாஞ்ச், மடித்த கனத் துணி எல்லாம் சேர்ந்த இடத்தில் 18-ஆம் நம்பர் ஊசிகூட உடைந்துபோகும்.

தேவையானவை: செருப்பு தைப்பவர்கள் வைத்திருக்கும் குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய தடித்த ஊசி இரண்டு, மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் (0.8 மி.மீ. போதும்), பிளையர், லைட்டர். கோணி ஊசி வேண்டாம், அது போடும் ஓட்டை ரொம்பப் பெரிது. பருத்தி நூல் மழையில் நனைந்து நனைந்து மக்கிவிடும். நைலான் நல்ல பலம்தான், ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் நொந்துபோகும்.

இனி பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அறுந்தது நூலா, துணியா? நூல் மட்டும் என்றால் உங்களுக்கு யோகம், பழைய ஓட்டைகள் வழியாகவே தைத்துவிடலாம். துணியே கிழிந்து, ஓரம் நார்நாராகத் தொங்கினால் அந்த ஓரத்தில் எவ்வளவு கெட்டி நூல் போட்டாலும் நிற்காது, ஏனென்றால் நூலுக்குப் பிடிமானமே நல்ல துணிதான். தொங்கும் நார்களை வெட்டி, லைட்டரை லேசாகக் காட்டி ஓரத்தை உருக்குங்கள். அப்புறம் பழைய பையிலிருந்து வெட்டிய கனத் துணி ஒன்றை, கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. வருகிற மாதிரி, மூலைகளை வட்டமாக நறுக்கி உள்பக்கம் வையுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஆபீஸ் பைண்டர் கிளிப் போதும். குண்டூசி குத்தினால் ரப்பர் மாதிரிப் பூச்சு உள்ள துணியில் அந்த ஓட்டை மூடவே மூடாது.

சரி, தைக்கலாம். தைக்க வேண்டிய நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, கூட ஒரு முழம் விட்டு வெட்டி, இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். குத்தூசியால் முதல் ஓட்டை போட்டு, ஓர் ஊசியை நுழைத்து, நூல் இரு பக்கமும் சரிபாதியாக வரும்வரை இழுங்கள். 4 மி.மீ. தள்ளி அடுத்த ஓட்டை. அதில் முன்பக்க ஊசி முதலில் போகட்டும், பிறகு பின்பக்க ஊசி அதே ஓட்டை வழியாக முன்னால் வரட்டும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் இருக்க, அந்த நூலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இரு கையாலும் சேர்த்து இறுக்குங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் இதே வரிசைதான். இப்படித் தைத்தால் ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படி அல்ல. ஊசி நடுவில் சிக்கினால் பிளையரால் நேராக இழுங்கள், ஆட்டினால் உடையும். விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டால் பாதி நேரம் பிளையரே தேவைப்படாது.

ஓட்டைகளை 3 மி.மீ.க்கும் நெருக்கமாகப் போடாதீர்கள், தபால்தலைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். பட்டை பையின் மேல் படிந்து உட்காருகிற இடத்தில் ஒற்றைக் கோடு போதாது. ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போட்டால் இழுவை எல்லாப் பக்கமும் பரவும்.

முடிக்கும்போது வந்த வழியே மூன்று ஓட்டை திரும்பி, இரு நூலையும் உள்பக்கம் கொண்டுவந்து, 3 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரால் உருக்கி அழுத்துங்கள் (விரலால் அல்ல, கத்தியின் பின்பக்கத்தால்). மழையில் போகிற பை என்றால் தையல் மேல் உள்பக்கமாக சீம் சீலர் (தையல் ஓட்டைகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) ஒரு பூச்சு.

காய்ந்ததும் வழக்கமாகச் சுமக்கும் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பி, அந்த ஒரு பட்டையில் மட்டும் இரவு முழுக்கத் தொங்க விடுங்கள். காலையில் நூலுக்கும் துணிக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான்.

பாறை ஏறும் ஹார்னஸ், கயிற்றோடு உயிரைத் தாங்கும் எந்தப் பட்டையையும் மட்டும் இப்படித் தைக்காதீர்கள். அது பிய்ந்தால் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.