வால்வு கைடைப் பார்க்காமல் சீட்டு வெட்டாதீர்கள்

என்ஜினின் சிலிண்டர் ஹெட்டை இறக்கியதும் எல்லார் கண்ணும் வால்வு சீட்டின் மேல்தான், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பின் மேல்தான் போகும். வால்வின் தண்டு (ஸ்டெம்) ஏறி இறங்கும் குழாயான கைடைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் முதல் தவறு. சீட்டு வெட்டும் கட்டரை நேராகப் பிடிக்கும் பைலட் கம்பி கைடுக்குள்தான் உட்காருகிறது. கைடு தேய்ந்திருந்தால் பைலட் சாயும், சீட்டின் மையமும் விலகும். அப்புறம் கைடை மாற்றினால் சீட்டை மறுபடி வெட்டித்தான் ஆக வேண்டும்.

கரியை எடுக்காமல் அளப்பதும் வழக்கமாக நடப்பது. எக்ஸாஸ்ட் கைடின் அடி முனையில் கரி இறுகியிருந்தால் துளை சின்னதாகத் தெரியும். தேய்ந்த கைடும் நல்லதாகத் தோன்றும். சரியான அளவு பிரஷ் விட்டுத் துலக்கி, துடைத்த பிறகே கேஜை எடுங்கள்.

ரொம்பப் பேர் ஏமாறுவது அளக்கும் இடத்தில்தான். கைடு நீளம் முழுக்க ஒரே மாதிரி தேயாது. அம்பாசடர் 1489 சிசி போல ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) உள்ள என்ஜினில், அது ஸ்டெம்மின் மேல் முனையை அழுத்தும்போதே பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அதனால் இரண்டு முனையும் மணியின் வாய் போல விரிந்து, அதுவும் ராக்கர் தள்ளும் திசையில் நீள்வட்டமாகிவிடும். நடுப்பகுதி ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும். நடுவில் மட்டும் அளந்து 'கைடு ஓகே' என்று சொன்னால் அதை நம்ப முடியாது. மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் ராக்கர் தள்ளும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அளக்க வேண்டும். ஸ்டெம்மையும் மைக்ரோமீட்டரில் தேய்ந்த இடத்தில் பாருங்கள், தேயாத இடத்தில் அல்ல.

கார் பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் ஸ்டெம்முக்கும் கைடுக்கும் இடையே புதிய நிலை இடைவெளி, இன்டேக்குக்கு 0.02 முதல் 0.05 மி.மீ., கூடுதல் சூடு தாங்கும் எக்ஸாஸ்ட்டுக்கு 0.03 முதல் 0.07 மி.மீ. வரை. தேய்மான வரம்புக்கு உங்கள் என்ஜினின் மேனுவல்தான் கணக்கு. வால்வைத் தூக்கி ஆட்டி டயல் கேஜில் வரும் எண்ணை அப்படியே இடைவெளி என்று எடுக்காதீர்கள்; வால்வு சாய்வதால் அது பெரிதாகவே காட்டும். புது வால்வை அதே கைடில் விட்டு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைந்தால் பழைய ஸ்டெம்மும் தேய்ந்திருக்கிறது, குறையாவிட்டால் கைடுதான்.

நீலப் புகை வந்தால், கைடு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல் மட்டும் மாற்றி அனுப்புவதும் உண்டு. தளர்ந்த கைடில் ஸ்டெம் ஆடி ஆடிப் புது சீலின் உதட்டையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய கைடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்த பிறகே தட்டி எடுங்கள். புதியதை இறுக்கி ஏற்றும்போது உள் துளை சற்றுச் சுருங்கும். துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் ஓட்டி மறுபடி அளந்த பின்தான் சீட்டு கட்டரைத் தொட வேண்டும்.